இடையிசையில் ஒரு தட்டல்

வீட்டில் பாட்டுப் பதிவு செய்ய நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் மைக் வாங்கக் கூடாது. முதலில் வீட்டைக் கேட்க வேண்டும். பதிவு செய்யப்போகிற அறையின் நடுவில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு சும்மா கேட்க வேண்டும். ஃப்ரிட்ஜ் முனகும். மின்விசிறி கரகரக்கும். மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுப்பார்கள். நாம் குடியிருக்கிற வீடு இவ்வளவு வாயாடியா என்று இருக்கும். இதை எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால், இன்று உங்கள் மேஜைக்கு எதிரே நான் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

யாரும் புகார் கொடுக்காத விஷயத்துக்கு நானாக ஏன் வந்தேன் என்று கேட்டீர்கள். சொல்கிறேன். ஆனால் மைக்கிலிருந்து தொடங்காவிட்டால் உங்களுக்குப் புரியாது, அவசரத்தில் தப்பாக எழுதிக்கொள்வீர்கள். எனக்கு எதுவும் சரியாகப் பதிவாக வேண்டும். அது என் சுபாவம். அலுவலகங்களில் பிரின்டர் பழுது பார்ப்பது என் தொழில். அங்கேயும் ஒரு வரி லேசாகக் கோணலாக வந்தால் போதும், வாடிக்கையாளர் பரவாயில்லை என்றாலும் நான் மூடியைக் கழற்றாமல் கிளம்ப மாட்டேன்.

எங்கள் குழுவில் மூன்று பேர். பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, கிட்டார் வாசிப்பவன் நான். பாடுவது டீச்சர். நிஜமாகவே டீச்சர்தான், சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறார். டிரம்ஸ் வாசிப்பவன் மொட்டை. அவனுக்குத் தலை நிறைய முடி. பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை பேன் தொல்லையில் மழித்துவிட்டார்கள், முடி வளர்ந்த பிறகும் பெயர் உதிரவில்லை. மொட்டைக்கு முன்னால் டிரம்ஸ் வாசித்தது என் அண்ணன். குழுவைத் தொடங்கியதும் அவர்தான். எல்லோரும் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். டீச்சருக்கு அண்ணன், மொட்டைக்கு அண்ணன், ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுப்பவருக்கு, அவரே பாதிக் கிழவர், அவருக்கும் அண்ணன். கூடப் பிறந்தவன் நான் ஒருத்தன்தான்.

அண்ணன் கார்களுக்கு ஸ்ப்ரே பெயின்ட் அடிக்கிற வேலை செய்தவர். முகமூடி போட்டால் மூச்சு முட்டுகிறது என்று அதைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டே வேலை செய்தார். பத்துப் பதினைந்து வருடத்துப் பெயின்ட் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. முதலில் மாடிப்படி ஏற முடியாமல் போயிற்று, அப்புறம் டிரம்ஸ் வாசிக்க முடியாமல், அப்புறம் கட்டிலை விட்டு இறங்க முடியாமல். மருத்துவமனையில் ஆக்ஸிஜன் மெஷின் வைக்கச் சொன்னார்கள். அலமாரி மாதிரி ஒரு சின்னப் பெட்டி, கீழே சக்கரம். அறைக் காற்றை உள்ளே இழுத்து, ஆக்ஸிஜனைப் பிரித்து, குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். இரவும் பகலும் ஓடும். உஸ்ஸ், டொக். உஸ்ஸ், டொக்.

அண்ணன், அண்ணி, நான், மூன்று பேரும் ஒரே வீடு. வீட்டுக்காரர் ஒரு பெரிய அறையைப் பலகைத் தடுப்பு வைத்து இரண்டாக்கி விட்டிருந்தார். அந்தப் பக்கம் அண்ணன் அறை, இந்தப் பக்கம் என் அறை. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். எங்கள் பலகைக்கு வாயும் உண்டு.

வாடகை ஸ்டூடியோ எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வீட்டிலேயே பதிவு செய்யலாம் என்று நான் சொன்னேன். மைக் வாங்கக் கடைக்குப் போனேன். அந்தக் கடைக்காரர் சாமான் விற்பவர் மாதிரி பேசவில்லை, வியாதி கேட்கிற டாக்டர் மாதிரி கேள்வி கேட்டார்.

"எந்த ரூம்ல வெச்சுப் பதிவு பண்ணப்போறீங்க?"

"என் ரூம்லதான்."

"சுவருக்கு அந்தப் பக்கம் என்ன?"

"இன்னொரு ரூம்."

"ஆள் இருக்காங்களா?"

"இருக்காங்க."

அவர் தட்டிலிருந்து ஒரு டைனமிக் மைக்கை எடுத்து வைத்தார். கையில் பிடித்துப் பாடுகிற, தலை உருண்டையான, எல்லா மேடையிலும் பார்க்கிற சாதாரண மைக். "இது போதும் சார். முன்னால நின்னு பாடுறவங்கள மட்டும் கேக்கும். மத்ததக் கண்டுக்காது."

நான் கண்ணாடிக்குள் இருந்த பெரிய கன்டென்சர் மைக்கைக் காட்டினேன். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

"அது சிங்கம் சார். ஆனா வீட்டு ரூமுக்கு ஆகாது. பக்கத்து வீட்டுக்காரன் மனசுல நினைக்கிறதுகூட அதுல விழும்."

என் மூஞ்சியைப் பார்த்து விலை குறைந்ததைத் தள்ளுகிறார் என்று எனக்குப் பட்டது. எரிச்சல் வந்தது. பெரியதையே கொடுங்கள் என்றேன். வாங்குவது உங்கள் இஷ்டம், அப்புறம் சத்தம் வருகிறது என்று என்னிடம் வராதீர்கள் என்றார். நான் அப்புறம் போகவும் இல்லை. அந்த மனுஷனிடம் போய் நிற்பதற்கு எனக்கு என்ன தலையெழுத்து.

மைக்கையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு பெட்டி வேண்டும். அதில் நான் யோசித்துத்தான் வாங்கினேன். ஹெட்போன் செருக ஒரே ஒரு துளை இருக்கிற பெட்டி மலிவு. நான் இரண்டு துளை உள்ளதை வாங்கினேன். இரண்டுக்கும் வேறு வேறு கலவை அனுப்பலாம். பாடுகிறவருக்குக் கிட்டாரும், தாளத்தைக் காட்டும் டிக் டிக் ஓசையும் போதும். அறையில் இருக்கிற கண்ட சத்தத்தையும் காதில் போட்டால் பயந்துவிடுவார்கள், குரல் இறுகிவிடும். பதிவு செய்கிறவனுக்கு எல்லாமே கேட்க வேண்டும். அதனால் எனக்கு நல்ல ஹெட்போன், டீச்சருக்குச் சுமாரானது. நாளைக்கு நீங்கள் டீச்சரை விசாரித்தால் தனக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்று சொல்வார். அது உண்மை. அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

மைக்கை மாட்டி ஹெட்போனைப் போட்டதும் எனக்கு அழுகை வராத குறை. கடைக்காரர் சொன்னது அத்தனையும் விழுந்தது. ஒவ்வொன்றாகத் தீர்த்தேன். ஃப்ரிட்ஜை நிறுத்தினேன். பால் திரிந்தது. "பால் போனா போவுது தம்பி, பாட்டு நல்லா வந்துச்சா?" என்றார் அண்ணி. மின்விசிறியை நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. மேல்வீட்டு அம்மாவின் நாற்காலிக் கால்களுக்கு ரப்பர் குமிழ் வாங்கிப் போய் நானே மாட்டிவிட்டு வந்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜன்னல் இடுக்கில் துணி, கதவுக்கடியில் போர்வை, மைக் நிற்கிற கம்பத்துக்கு அடியில் மடித்த மெத்தை. எல்லாம் அடங்கிற்று. மிச்சம் இருந்தது உஸ்ஸ், டொக்.

அது எங்கள் எந்தப் பாட்டின் வேகத்துக்கும் ஒத்துவராது. அதுதான் கொடுமை. நான் மெதுவாக மெட்டுப் போட்டால் அது வேகம். நான் வேகமாகப் போட்டால் அது ஆடி அசைந்து வரும். பதிவைத் திருப்பிப் போட்டுக் கேட்டால் டீச்சர் குரலுக்குப் பின்னால் யாரோ சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டே இருப்பது மாதிரி இருக்கும். சாப்பிடும்போது ஒரு நாள் வாய்விட்டுச் சொன்னேன், இந்த வீட்டில் மனுஷன் ஒரு வரி சுத்தமாகப் பதிவு செய்ய முடியாது என்று. அண்ணன் கட்டிலில் சாய்ந்தபடி, மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னார்.

"ஆடத் தெரியாதவ... கூடம் கோணல்... னாளாம்."

அண்ணிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிற்று. நானும் சிரித்தேன். சந்தர்ப்பத்துக்குப் பொருத்தமாகத்தான் சொன்னார்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அண்ணன் கட்டில் இரும்புக் கட்டில். விரலில் கல்யாண மோதிரம். நாங்கள் இந்தப் பக்கம் பழகிக்கொண்டிருக்கும்போது தாளம் வேகம் தப்பி முந்தி ஓடினால், அந்தப் பக்கத்திலிருந்து மோதிரத்தால் கட்டில் கம்பியில் தட்டுவார். டிங், டிங், டிங். உடனே மொட்டை குச்சியைக் கீழே வைத்துவிடுவான். "அண்ணன் சொல்றாரு. ஓடுறோம்." யார் ஓடுகிறோம் என்று அவன் சொல்ல மாட்டான், என் பக்கம் மட்டும் பார்ப்பான். என் காதில் டிக் டிக் ஓடிக்கொண்டிருக்கும். அதை வைத்துச் சரிபார்ப்பேன். ஒவ்வொரு தடவையும் அண்ணன் தட்டினது அந்த டிக்கின் மேலேயே விழும். மூச்சு விடவே முடியாத மனுஷன், பலகைக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு, டிக் டிக்கைக் கேட்காமலேயே. ஒரு தடவையாவது அது என் பக்கம் பேசியிருக்கலாம். பேசவில்லை.

எனக்கு அவர் மேல் கோபம் எதுவும் கிடையாது. நீங்கள் அப்படி ஏதாவது எழுதினால் அது தப்பு.

சிலிண்டர் யோசனை அவருடையதுதான். கரன்ட் போனால் உதவட்டும் என்று ஒரு ஆக்ஸிஜன் சிலிண்டர் அறை மூலையில் நிற்கும். அதற்கு மோட்டார் இல்லை, சத்தம் இல்லை. "டீச்சர் பாடுற நேரம் மட்டும் நான் சிலிண்டர்ல இருக்கேன்டா. பாட்டு முடிஞ்சதும் மெஷினைப் போட்டுக்கலாம்" என்றார். அண்ணிக்கு மனசே இல்லை. ஆனால் அண்ணன் சொன்னால் சொன்னதுதான். அதற்கொரு முறை வைத்துக்கொண்டோம். அண்ணிதான் செய்வார். சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று ஊசியைப் பார்ப்பார், திறப்பார், குழாயை மாற்றுவார், அப்புறம்தான் மெஷினை நிறுத்துவார். பாட்டு முடிகிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார்.

"நடுவுல மூச்சு முட்டினா கம்பியில தட்டுறேன். பாட்டை விட்டுட்டு ஓடி வந்துரணும்" என்றார் அண்ணன் என்னிடம்.

"தாளம் தப்பினாலும் அதையேதான் தட்டுறீங்க. நான் எப்படி வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?"

"தாளத்துல தட்டினா தாளம். தாளம் இல்லாம தட்டினா மூச்சு."

"நீங்க என்னிக்குத் தாளம் இல்லாம தட்டியிருக்கீங்க?" என்று அண்ணி கேட்டார். அப்போதும் சிரித்தோம். எங்கள் வீட்டில் அந்த நாட்களில் சிரிப்புக்குப் பஞ்சம் இல்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

அப்படியே பாட்டுகள் ஒவ்வொன்றாக முடிந்தன. ஒரு தடவைகூட மூச்சுத் தட்டு வரவில்லை. கடைசியாக ஒரே ஒரு பாட்டு பாக்கி. நான் எழுதினதிலேயே அதுதான் பாட்டு. மற்றதெல்லாம் அண்ணன் இங்கே ஒரு கை, அங்கே ஒரு கை வைத்தவை. இது முழுக்க என்னுடையது. கிட்டாரும் டிரம்ஸும் முன்பே பதிவாகிவிட்டன, டீச்சர் குரல் மட்டும் ஏற வேண்டும். டீச்சருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்திருந்தது. மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். ஒரு மத்தியானம் மட்டும் வர முடியும் என்றார். அதற்குப் பிறகு அவர் எங்கே, நான் எங்கே.

அன்றைக்குப் பார்த்து அண்ணி வெளியே கிளம்பிக்கொண்டிருந்தார்.

"சிலிண்டர் ஊசி சிவப்புக்கு வந்துருச்சு தம்பி. புதுசு எடுத்துட்டு வரப்போறேன். நான் வர்ற வரைக்கும் மெஷினை நிறுத்தாதீங்க. டீச்சரைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க."

"சரி அண்ணி. நீங்க பாத்துப் போயிட்டு வாங்க."

டீச்சர் வந்தார். காத்திருந்தோம். அண்ணிக்கு ஃபோன் போட்டேன். வரிசையில் நிற்பதாகவும், முன்னால் இன்னும் ஆட்கள் இருப்பதாகவும் சொன்னார். சும்மா உட்கார்ந்திருப்பானேன் என்று மெஷின் ஓடும்போதே இரண்டு தடவை பாடிப் பார்த்தோம். நீங்கள் சங்கீதம் கேட்பவரா, தெரியவில்லை. சில நாட்களில் சிலர் குரலில் என்னமோ வந்து உட்காரும். மறுநாள் கெஞ்சினாலும் வராது. அன்றைக்கு டீச்சர் குரலில் அது இருந்தது. ஊரை விட்டுப் போகிற துக்கமோ என்னமோ. அதற்குப் பின்னால் உஸ்ஸ், டொக். எனக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. வாழ்க்கையில் ஒரு தடவை எனக்கென்று ஒன்று கைக்கு வருகிறது, அதன் மேலும் அண்ணனுடைய மெஷின்.

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். "பையனை ஸ்கூல்ல இருந்து கூப்பிடப் போகணும். இன்னொரு தடவை பாடலாம். அதுக்கு மேல முடியாது."

நான் எழுந்து பக்கத்து அறைக்குப் போனேன். அண்ணன் கண்ணை மூடியிருந்தார். மெஷின் பக்கம் என் நிழல் விழுந்ததும் திறந்தார்.

"அவ வந்துட்டாளா?"

"வந்துட்டாங்க. சமையல்கட்டுல இருக்காங்க."

தலையை ஆட்டினார். மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். நான் அண்ணி செய்கிற முறைப்படியே எல்லாம் செய்தேன். சிலிண்டரைத் திறந்தேன், குழாயை மாற்றினேன், மெஷினை நிறுத்தினேன். ஊசியையும் பார்த்தேன். சிவப்பில்தான் இருந்தது. சிவப்பு என்றால் தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை. வண்டியில் பெட்ரோல் முள் சிவப்புக்கு வந்த பிறகும் நாம் எவ்வளவோ தூரம் போயிருக்கிறோம். ஒரு பாட்டுக்குத் தாங்கும் என்று நினைத்தேன். கதவைச் சாத்தி, வழக்கம்போல அடியில் போர்வையைத் திணித்துவிட்டு வந்தேன்.

ஹெட்போனைப் போட்டேன். ஒன்றுமே இல்லை. அந்த மத்தியானத்தில் முதல் தடவையாக ஒன்றுமே இல்லை. டீச்சர் எச்சில் விழுங்குவது கேட்டது, அவ்வளவுதான். நான் கையைக் காட்டினேன். பாடினார். பல்லவி, முதல் சரணம். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அப்புறம் இடையிசை. அந்த இடத்தில் டீச்சர் பாட மாட்டார், அவர் காதில் கிட்டார் மட்டும் போய்க்கொண்டிருக்கும். மைக்குக்குக் கேட்பதற்கு அறையைத் தவிர வேறு எதுவும் இருக்காது. அங்கேதான் அது வந்தது. டிங். பலகையின் வழியாக, தரையின் வழியாக, மைக் நிற்கிற கம்பத்தின் வழியாக. மெல்லியதுதான், சில தட்டுகள்தான். அந்த டைனமிக் மைக்காக இருந்திருந்தால் விழுந்தே இருக்காது.

அண்ணன் வழக்கம்போலத் தாளம் போடுகிறார் என்று நினைத்தேன். அப்படித்தான் அண்ணியிடம் பிற்பாடு சொன்னேன். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டு கிட்டாரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இடையிசை முடியப்போகும்போது, இரண்டாம் சரணம் தொடங்கட்டும் என்று அவர் தோளைத் தொட்டேன். தொடங்கினார். இரண்டாம் சரணத்தில் தட்டல் எதுவும் இல்லை. வரிக்கும் வரிக்கும் நடுவில் எத்தனை தடவை பெரிதாக்கிக் கேட்டாலும் சுத்தமாக இருக்கிறது.

முடிந்ததும் டீச்சர் என்னைப் பார்த்தார். "எப்படி?"

"நல்லா வந்திருக்கு. பாதுகாப்புக்கு இன்னொண்ணு எடுத்துக்குவோம்."

ஒரு தடவை நன்றாக வந்தாலும், பாதுகாப்புக்கு இன்னொன்று எடுத்து வைப்பது இந்தத் தொழிலில் வழக்கம். அண்ணன் பழக்கிவிட்ட வழக்கம்தான். அவசர அவசரமாக எடுத்தோம். அப்புறம் டீச்சரை வாசல் வரைக்கும் கொண்டுபோய் விட்டுவிட்டு, மாற்றல் வாங்கிப் போகிற ஊரில் குடிதண்ணீர் எப்படி என்று விசாரித்துவிட்டு வந்து, அண்ணன் அறைக் கதவைத் திறந்தேன். குழாயை மெஷினுக்கு மாற்றினேன். மெஷினைப் போட்டேன். உஸ்ஸ், டொக் என்று அது ஓடத் தொடங்கியது. அண்ணனுக்கு அது தேவைப்படவில்லை. கை கட்டில் கம்பியின் மேல் இருந்தது. எடுத்து நெஞ்சின் மேல் வைத்தேன். புது சிலிண்டரோடு அண்ணி படியேறி வந்தபோது மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

டாக்டர் ஆச்சரியப்படவில்லை. இந்த நுரையீரலோடு இவ்வளவு நாள் இருந்ததே பெரிசு என்றார். யாரும் எதுவும் கேட்கவில்லை.

பாட்டை முடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். அந்தத் தட்டலை வெட்டி எறிந்திருக்கலாம். ஒரு நொடி வேலை. ஆனால் இரும்பில் தங்கம் பட்டு எழுகிற அந்த ஓசை இடையிசையில் எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா, அதை எடுத்தால் அந்த இடமே வெறிச்சோடியது. வைத்துக்கொண்டேன்.

அண்ணி தன் ஃபோனில் கேட்டார். இடையிசை வந்ததும் நிறுத்தினார். மறுபடி போட்டார். மறுபடி. அவருக்கு அந்த மோதிரத்தைத் தெரியாமல் போகுமா.

"இது அவர்தானே?"

"ஆமா அண்ணி. அன்னிக்கு டீச்சர் பாடும்போது தட்டினாரு. மெஷின் சத்தத்தைக் கம்ப்யூட்டர்ல அழிச்சுட்டேன்."

அப்படியெல்லாம் அழிக்க முடியாது. அழித்தால் குரல் தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஆகிவிடும். அண்ணிக்கு அது தெரியாது. விரலால் மேஜையில் கூடவே தட்டிப் பார்த்தார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முகம் மட்டும் தெளிந்திருந்தது.

"தாளத்துலதான் தட்டியிருக்காரு தம்பி. அப்படின்னா மூச்சு முட்டலை. நான் பக்கத்துல இல்லாமப் போயிட்டேனேன்னு இத்தனை நாளா செத்துக்கிட்டிருந்தேன். நிம்மதியாத்தான் போயிருக்காரு. கடைசி வரைக்கும் தாளம் தப்பல."

நான் அவர் முதுகைத் தடவிக்கொடுத்தேன். ஒரு மனுஷிக்கு அவ்வளவு ஆறுதல் கொடுத்திருக்கிறேன், அதையும் நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அதோடு போயிருந்தால் நானும் இங்கே வந்திருக்க மாட்டேன்.

அண்ணி அதை எல்லோரிடமும் சொன்னார். டீச்சர் சொன்னார். மொட்டை சொல்லிச் சொல்லி அழுதான். சாகும்போதுகூடத் தாளம் தப்பாத மனுஷனுடைய பாட்டு என்று ஃபோனுக்கு ஃபோன் போயிற்று. முன்பின் தெரியாதவர்கள் எல்லாம் எழுதுகிறார்கள், அந்தத் தட்டல் அந்தத் தட்டல் என்று. பாட்டு வரிகளைப் பற்றி ஒருவர் ஒரு வார்த்தை எழுதவில்லை. கிட்டாரைப் பற்றி இல்லை. இந்த வாயாடி வீட்டில் உட்கார்ந்துகொண்டு இப்படி ஒரு பதிவை எப்படி எடுத்தான் என்று கேட்க ஒரு நாதி இல்லை. போன வாரம் அந்தக் கடைக்காரரே கூப்பிட்டார்.

"பெரிய மைக் வாங்கினது நல்லதாப்போச்சு சார். நடுவுல அந்தக் கம்பிச் சத்தம் இருக்கே, ஒவ்வொண்ணும் இடத்துல உக்காருது. யாரு வாசிச்சது?"

என்ன சொல்வேன். "அண்ணன்" என்றேன்.

"பெரிய கலைஞர்" என்றார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. சாப்பாடு இறங்கவில்லை. இருக்கும்போதும் அவர், போன பிறகும் அவர், என் பாட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டு. எவ்வளவுதான் ஒரு மனுஷன் பொறுப்பான், சொல்லுங்கள். அதனால்தான் வந்தேன்.

உங்கள் ஆட்கள் என் கம்ப்யூட்டரை எடுத்து வருவார்கள் இல்லையா. முடித்து அனுப்பிய பாட்டைக் கேட்காதீர்கள். அதற்கு முன்னால், டீச்சர் பாடியபோது பதிவான குரல் மட்டும் தனியாக இருக்கிறது, அதைத் திறக்கச் சொல்லுங்கள். தயவுசெய்து ஃபோன் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்காதீர்கள், நல்ல ஹெட்போன் போடுங்கள். முதல் தட்டு டிக்குக்கு முன்னாலேயே விழும். அடுத்தது பிந்தி. அப்புறம் மூன்று ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடுகிறவன் கால் இடறினது மாதிரி. அப்புறம் ஒரு பெரிய இடைவெளி. அப்புறம் ஒன்றே ஒன்று. ஒன்றுகூட அதனதன் இடத்தில் இல்லை. அந்த முதல் தட்டிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அண்ணனை அவ்வளவு நாளாகக் கேட்டவன், எனக்குத் தெரியாதா. தெரிந்துகொண்டுதான் டீச்சர் தோளைத் தொட்டேன்.

ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து, ஒவ்வொரு தட்டையும் தனித்தனியாக வெட்டி எடுத்து, டிக்கின் மேலே கொண்டுபோய் வைத்தேன். ஊர் கொண்டாடுகிற அந்தத் தாளம் என்னுடையது. அதை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள், மற்றதை உங்கள் விருப்பப்படி எழுதுங்கள், எங்கே கேட்டாலும் கையெழுத்துப் போடுகிறேன். வாழ்நாள் முழுக்க அண்ணன் என் தாளத்தைத் திருத்தினார். அவர் தாளம் தப்பியது அந்த ஒரு தடவைதான். அதை நான் திருத்திவிட்டேன்.